தீர்த்த மல்லாரியில் ஒரு கண்மாய்

எங்கள் ஊர்க் கண்மாயின் கலுங்குக் கல் ஒன்று இப்போது ஒரு மாவு மில்லுக்கு வாசற்படியாகக் கிடக்கிறது. நீர் வழிந்து வழிந்து நடுவில் குழிந்துபோன கல். சிறுவயதில் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது அந்தக் கல்லின்மேல் நின்றுதான் துண்டை விரித்துக் கெண்டைக்குஞ்சு பிடித்திருக்கிறேன். இன்று அதன்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு மிளகாய்த் தூள் வாங்கப் போகிறேன். மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் இப்படி ஒரு கல்லோ, மடையோ, பெயரில் மட்டும் கண்மாய் மிச்சமிருக்கும் ஒரு நகரோ கண்ணில் படும்.

இதை ஒப்பாரியாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நையாண்டியாக, ஒரு வார்த்தைகூடப் பேசாத அனிமேஷன் படமாகச் சொல்ல வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆசை. கல்லூரி நாட்களில் இத்தாலிய இயக்குநர் புரூனோ பொசெட்டோ 1976இல் எடுத்த 'அலெக்ரோ நான் ட்ரோப்போ' படத்தைப் பார்த்ததில் முளைத்த ஆசை அது. மேற்கத்திய செவ்வியல் இசை ஆறுக்குப் படம் வரைந்திருப்பார். டிஸ்னி நிறுவனம் 1940இல் எடுத்த 'ஃபேன்டேசியா'வைக் கிண்டல் செய்யும் படம் என்பார்கள். அதில் ராவெலின் 'பொலேரோ'வுக்கான பகுதி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. விண்வெளிப் பயணிகள் எறிந்துவிட்டுப் போன குளிர்பானப் பாட்டிலின் அடியில் எஞ்சிய சொட்டிலிருந்து உயிர்கள் முளைக்கும். அவை உருமாறி உருமாறி ஊர்வலமாக நடந்துகொண்டே இருக்கும். பொலேரோவில் ஒரே தாளக்கட்டு முதலிலிருந்து கடைசிவரை மாறாமல் வரும். மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒலி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தின் மீதுதான் பொசெட்டோ ஊர்வலத்தை நடத்தியிருந்தார்.

எனக்கு அதில் பாடமாகப் பட்டது ஒன்றுதான். இசை எங்கும் கிண்டல் செய்வதில்லை. அது தன் போக்கில், தன் கௌரவத்தோடு போகிறது. கிண்டல் முழுவதும் படத்தில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டதாகத்தான் அப்போது நினைத்தேன். வேலையில் இறங்கிய பிறகுதான் உண்மையாகவே புரிந்தது.

நம்மிடம் அப்படி ஏறிப் போகும் இசை எது என்று தேடியபோது மல்லாரியைத் தவிர வேறெதுவும் மனத்துக்கு வரவில்லை. சுவாமி புறப்பாட்டுக்கு நாதசுரத்தில் வாசிக்கும் உருப்படி. சாகித்தியம், அதாவது பாடல் வரி, கிடையாது. பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில் இருக்கும்: ச க ம ப நி, ஐந்தே சுரங்கள். சுவாமி தேருக்குப் போகும்போது வாசிப்பது தேர் மல்லாரி. மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்து வரும்போது தீர்த்த மல்லாரி. ஒரு குடம் தண்ணீருக்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்யத் தெரிந்த ஊரில்தான் கண்மாய்களும் இருந்தன. அதனால் தீர்த்த மல்லாரி என்று உடனே முடிவு செய்தேன்.

மல்லாரியைத் திரிகாலம் செய்வார்கள். தாளம் அதே நடையில் போய்க்கொண்டிருக்கும். மெட்டு மட்டும் கீழ்காலத்திலிருந்து இரட்டித்து மத்திமகாலத்துக்கும், மறுபடி இரட்டித்து மேல்காலத்துக்கும் போகும். அதே மெட்டு, அதே தாளம், பெருகிப் பெருகி வரும் நெருக்கம். ஒரு கண்மாய்க்குள் முதல் வீடு வருவதும், பிறகு தெருவே வருவதும் இப்படித்தான் நடக்கிறது.

நாதசுரக் கலைஞரையும் தவில் கலைஞரையும் தேடித் திருப்புவனம் பக்கம் போனேன். நாதசுரம் வாசிப்பவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கோயில் ஊழியம். கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஐயா, கொஞ்சம் வேடிக்கையாக வாசிக்க முடியுமா? வீடுகள் வரும் இடத்தில் நாதசுரம் சிரிக்கிற மாதிரி" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நாதசுரத்தின் ஊதுநாக்கான சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்தார். "தம்பி, மல்லாரியை வேடிக்கைக்கு வாசிக்க மாட்டேன். சுவாமிக்கு முன்னால் எப்படி வாசிப்பேனோ அப்படி வாசித்துத் தருகிறேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளுங்கள்" என்றார்.

பொசெட்டோவிடம் பார்த்துப் புரிந்துகொண்டதாக நினைத்த பாடத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் எனக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தார். வாசிப்பவர் சிரித்திருந்தால் படம் வெறும் கேலிக்கூத்தாகப் போயிருக்கும். மல்லாரி முழு பக்தியோடு ஒலிக்கும்போதுதான் திரையில் நடக்கும் அநியாயம் உறைக்கிறது.

உருப்படியை இப்படி அமைத்துக்கொண்டோம். ஆதி தாளம்: எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, சேர்ந்தால் ஒரு சுற்று. அந்தச் சுற்றுதான் ஆவர்த்தனம்; அது தொடங்கும் இடம் சமம். மெட்டு கீழ்காலத்தில் அட்சரத்துக்கு ஒரு சுரமாக 4 ஆவர்த்தனம் நீளும். முதலில் தவில் மட்டும் 2 ஆவர்த்தனம். பிறகு கீழ்காலம் இரண்டு முறை: 8 ஆவர்த்தனம். மத்திமகாலம் மூன்று முறை: 6 ஆவர்த்தனம். மேல்காலம் நான்கு முறை: 4 ஆவர்த்தனம். கடைசியில் திஸ்ரம், 4 ஆவர்த்தனம். ஆக மொத்தம் 24. திஸ்ரத்தில் அட்சரத்துக்கு மூன்று சுரம் என்பதால் மெட்டு ஒரு முறை முடியும்போது தாளத்தின் தொடக்கத்துக்கு வராது. மூன்று முறை வாசித்தால்தான் சமத்தில் வந்து சேரும். இந்தக் கணக்கு பின்னால் எனக்குப் படத்தின் உயிராக அமைந்தது.

ஒலிப்பதிவுக்கு முதலில் ஓர் அறையை ஏற்பாடு செய்திருந்தேன். அது தவறு. நாதசுரம் வெட்டவெளி வாத்தியம். நான்கு சுவருக்குள் ஒலி முட்டி மோதி, தவிலின் ஒவ்வொரு சொல்லும், அதாவது அடியும், அடுத்த சொல்லின்மேல் விழுந்தது. மைக்கைப் பக்கத்தில் வைத்ததால் உச்சத்தில் எல்லாம் பிளந்துபோயிருந்தது. மறுநாள் அதிகாலை அவர்களுக்குத் தெரிந்த ஒரு தென்னந்தோப்புக்குப் போனோம். மைக்கை நாதசுரத்தின் விரிந்த வாயான அணைசுக்கு நேராக வைக்காமல் சற்று விலக்கி, பத்தடி தள்ளி வைத்தேன். தவில் இன்னும் நான்கடி பின்னால். பதிவு துலங்கியது. மயில் அகவியதால் இரண்டு முறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை முழுதாகக் கிடைத்தது.

இதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். படம் விநாடிக்கு 24 பிரேம். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்று வாசித்தால் ஓர் அட்சரத்துக்குச் சரியாக 24 பிரேம் வரும். 24 என்பது நல்ல எண். நான்காகப் பிரித்தால் 6, மூன்றாகப் பிரித்தால் 8. சதுஸ்ரமும் திஸ்ரமும் முழு எண்ணில் அமர்ந்துவிடும். ஐந்தாகப் பிரிக்கும் கண்டம் என்றால் 4.8 என்று உடைந்து தொல்லை கொடுத்திருக்கும். தோப்பில் முதலில் காதில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் மாட்டி வாசித்துப் பார்த்தார்கள். நேரம் துல்லியமாக இருந்தது. ஆனால் வாசிப்பில் உயிர் இல்லை. தவில் கலைஞரே கழற்றி வைத்துவிட்டார். கழற்றிய பிறகு வாசித்ததுதான் நான் பயன்படுத்தியது. தொடக்கத்தில் சில ஆவர்த்தனங்களை அளந்து பார்த்தேன். ஏறக்குறைய எட்டு விநாடி இருந்தது. கணக்கு சரி என்று நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

படம் எடுக்கும் மேசை பாட்டியின் தையல் மிஷின். மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு இரும்புக் கால்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதன்மேல் ஒரு பலகை. பலகையின் நான்கு மூலையிலும் செங்கல்லை நிறுத்தி, அதன்மேல் ஜன்னலுக்குப் போடும் 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று, இரண்டடிக்கு ஒன்றரை அடி. அடியில் பின்னணி, மேலே கண்ணாடியில் உருவங்கள். கடைகளில் சாமான் அடுக்கும் துளை போட்ட இரும்பு ஆங்கிளை வாங்கி முறுக்கிக் கைப்பேசிக்கு ஒரு சட்டம் செய்தேன். கைப்பேசியைத் தொட்டால் படம் ஆடும் என்பதால் பழைய இயர்போனைச் செருகி அதிலிருக்கும் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினேன், படம் எடுத்துக்கொள்கிறது.

விளக்கில்தான் முதல் வாரம் போனது. 9 வாட் எல்இடி பல்பு இரண்டு, முன்னால் பட்டர் பேப்பர். எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி துடித்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான பல்புகள் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. கேமரா மிக வேகமாக மூடித் திறந்தால் ஒரு படத்தில் மங்கலும் ஒரு படத்தில் தெளிவும் அகப்படும். வேகத்தை 1/25 விநாடிக்குக் குறைத்து, வெளிச்ச அளவையும் நிற அளவையும் குவியத்தையும் பூட்டிய பிறகு துடிப்பு நின்றது. கண்ணாடியில் கைப்பேசியின் பிம்பம் தெரிந்தது. கறுப்புச் சார்ட் அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு நடுவில் கட்டினேன். என் வெள்ளைச் சட்டையும் பிரதிபலித்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் இரவில் கறுப்புச் சட்டைதான். மின்விசிறி போட்டால் காகித உருவங்கள் பறக்கும்; சித்திரை மாத மதுரையில் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வியர்வை கண்ணாடியில் சொட்டாமலிருக்க நெற்றியில் துண்டு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கண்மாய்த் தண்ணீர்.

நீல நிறத்தில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் நனைத்து எடுத்த, கைவேலைச் சுங்குடி. முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அருகில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன வளையம். நடுவில் ஊசிமுனை அளவுக்கு நீலம். சுற்றிலும் சாயம் கசிந்து மங்கிய விளிம்பு. இரண்டு புள்ளி ஒரே மாதிரி இருப்பதில்லை. துணியை ஒரு படத்துக்கு 2 மில்லிமீட்டர் இழுத்தால் அந்தப் புள்ளிகள் காலை வெயிலில் கண்மாய் மினுங்குவது போலவே மினுங்கின. எத்தனையோ விதமாகத் தண்ணீர் வரைந்து பார்த்துத் தோற்றவனுக்கு அது ஒரு வரம். வரைந்திருந்தால் இந்த ஒழுங்கின்மை என் கைக்கு வந்திருக்காது.

கண்மாயைத் தூர்ப்பதற்கு அதே கண்மாயின் கரம்பை மண். மாவு மில்லுக்குப் பின்னால் இன்னும் ஒரு மூலை திறந்து கிடக்கிறது. அங்கே வெட்டி எடுத்து, காயவைத்து, இடித்து, துணியில் சலித்தேன். கண்ணாடியின்மேல் அதைத் தூவத் தூவ அடியிலிருக்கும் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறையும். ஓரங்களைச் சவரப் பிரஷ்ஷால் தீட்டி ஒழுங்குபடுத்துவேன்.

வீடுகளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மனை விற்பனைத் துண்டுப் பிரசுரங்கள் வாரம் நான்கு வாசலில் வந்து விழுகின்றன. பளபளக்கும் காகிதம், பச்சைப் புல்வெளி, இல்லாத நீரூற்று. அதிலிருந்தே வீடுகளை வெட்டினேன். நிறுவனப் பெயர்கள் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். எந்த ஒருவரையும் குறிவைப்பது என் நோக்கமில்லை. எல்லைக் கல்லுக்குப் பச்சரிசி. மேலிருந்து எடுக்கும்போது ஊன்றிய வெள்ளைக் கல்லாகவே தெரிகிறது. வீடுகளைத் தாங்க முதலில் மைதாப் பசை தடவியிருந்தேன். இரண்டாம் இரவே எறும்பு வந்துவிட்டது; ஓர் ஆவர்த்தனம் முழுக்கத் திரையில் எறும்பு ஓடுகிறது. பசையை விட்டுவிட்டு நான்கு மூலையிலும் துளி மெழுகு வைத்தேன். அரிசிக்கும் எறும்பு வரத்தான் செய்தது. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்திய பிறகு நின்றது.

கதாநாயகன் ஒரு கொக்கு. திருமண அழைப்பிதழ் அட்டையில் வெட்டியது. கழுத்து மூன்று துண்டு, கால் ஒவ்வொன்றும் இரண்டு துண்டு, மூட்டுகளில் நூல் முடிச்சு. படம் முழுக்க அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் சமத்திலும் காலை மாற்றிக்கொள்ளும். ஆரம்பத்தில் தண்ணீரில் நிற்கும். பிறகு சேற்றில். பிறகு எல்லைக் கல்லின்மேல். பிறகு மாடியில், கறுப்பு நீர்த்தொட்டியின் மூடிமேல்.

கீழ்காலத்தில் ஆவர்த்தனத்துக்கு ஒரு வீடு, மத்திமகாலத்தில் இரண்டு, மேல்காலத்தில் நான்கு. முதலில் வீடுகளையும் சமத்திலேயே இறக்கினேன். பார்க்க விளம்பரம் மாதிரி இருந்தது. எல்லாம் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு போனால் கண்ணுக்கு வேலையே இல்லை. மாற்றி வைத்தேன். சமத்தில் கொக்கும் எல்லைக் கல்லும் மட்டும். வீடு தாளத்தின் நடுவில், யாரும் எதிர்பாராத நேரத்தில், ஓசையில்லாமல் வந்து நிற்கும். ஊரில் நடப்பதும் அதுதானே. கல் ஊன்றும்போது எல்லோரும் பார்க்கிறோம். வீடு வந்ததை ஒருநாள் திரும்பிப் பார்க்கும்போதுதான் கவனிக்கிறோம்.

ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவது வழக்கம். விநாடிக்கு 12 படம் எடுத்தால் போதும். ஓர் இரவுக்கு ஏறக்குறைய 90 படம் என்று, பதினோரு இரவில் தவில் ஆரம்பமும் கீழ்காலமும் முடித்தேன். 10 ஆவர்த்தனம், 960 படம். பிளெண்டர் என்ற மென்பொருளில் வரிசையாக அடுக்கி, ஒலியைப் பொருத்தி ஓட்டினேன்.

ஆரம்பம் நன்றாக இருந்தது. ஏழாவது, எட்டாவது ஆவர்த்தனத்தில் ஏதோ ஒட்டவில்லை. பத்தாவது முடியும்போது தவில் சமத்தில் விழுந்து முக்கால் விநாடி கழித்துக் கொக்கு காலை மாற்றியது. அப்போதுதான் ஒலியை முழுதாக அளந்தேன். முதல் ஆவர்த்தனம் 8.1 விநாடி. கடைசி ஆவர்த்தனம் 7.2. மல்லாரி கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நான் 3 நிமிடம் 12 விநாடி என்று கணக்குப் போட்ட உருப்படி 3 நிமிடம் 4 விநாடியில் முடிந்திருந்தது.

தவில் கலைஞரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "சுவாமி நகர்ந்தால் நாங்களும் நகர வேண்டாமா?" என்றார். அவர் செய்தது பிழையே இல்லை. ஊர்வலத்துக்காகவே பிறந்த இசை அது. மேளத்துக்குப் பின்னால் தோளில் சுவாமியைச் சுமந்து வருகிறவர்களின் நடையும் சூடுபிடித்து வரும். கடிகாரத்தில் கட்டிப்போட முயன்றது நான். 'அலெக்ரோ நான் ட்ரோப்போ' என்ற தலைப்பே ஒரு காலப்பிரமாணக் குறிப்பு. விரைவாக, ஆனால் மிகையாக வேண்டாம் என்று பொருள். அதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். என் படத்துக்கு அந்த விவேகத்தைப் பயன்படுத்தவில்லை.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பதிவைத் திறந்து, 24 சமத்தையும் காதால் கேட்டு ஒவ்வொன்றிலும் கையால் அடையாளம் வைத்தேன். அலைவடிவத்தில் தவிலின் அடி ஒரு செங்குத்துச் சுவர் போல எழும். அதன் விளிம்பில் வைத்தால் பிழை ஒரு பிரேமுக்குள் அடங்கிவிடும். பிறகு ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் தனித்தனியாகப் பிரேம் கணக்கு. முதலாவதற்கு 194. கடைசிக்கு 173. ஒற்றைப்படை வந்த இடங்களில் ஏதேனும் ஒரு படத்தை மட்டும் மூன்று பிரேம் நிறுத்தினேன். இந்தப் பட்டியலை எழுதி மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். முதல் ஆறு ஆவர்த்தனத்தில் வித்தியாசம் சிறியது என்று அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நான்கை மீண்டும் எடுத்தேன். காலை மாற்றுவது போன்ற அசைவுகளைச் சமத்துக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும் என்பதும் இந்தச் சமயத்தில் பிடிபட்டது. துல்லியமாகச் சமத்தில் வைத்தால் கண்ணுக்குத் தாமதமாகத் தெரிகிறது.

மத்திமகாலமும் மேல்காலமும் வேகமாக முடிந்தன. ஒருநாள் நடுவில் மின்சாரம் போய் வந்தபோது மட்டும் வெளிச்சத்தின் சாயல் மாறியிருந்தது. பல்பு சூடாகக் காத்திருந்து எட்டுப் படங்களைத் திருப்பி எடுத்தேன்.

திஸ்ரத்துக்கு வந்தபோது திரையில் 36 வீடு இருந்தது. மெட்டின் முதல் முறை சமத்தில் தொடங்குகிறது. இரண்டாம் முறை, இரண்டாவது ஆவர்த்தனத்தின் மூன்றாம் அட்சரத்துக்குள், மோதிர விரல் எண்ணும் இடத்தில் தொடங்குகிறது. மூன்றாம் முறை, மூன்றாவது ஆவர்த்தனத்தின் ஆறாம் அட்சரத்துக்குள், உள்ளங்கையைத் திருப்பும் வீச்சில். தாளம் நேராகப் போகிறது. மெட்டு அதன் எல்லைகளைத் தாண்டித் தாண்டி விழுகிறது. இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே படமும் தெரிந்துவிட்டது. இனிமேல் வரும் வீடுகள் அரிசி எல்லைக்குள் நிற்காது. ஒன்றின் படிக்கட்டு அடுத்ததன் ஜன்னலுக்குள் இறங்கும். சுற்றுச்சுவர் சாலையை விழுங்கும். முதல் இரண்டு ஆவர்த்தனத்தில் மும்மூன்றாக ஆறு வீடு. 42ஆவது வீட்டுக்கு அடியில்தான் கடைசிச் சுங்குடிப் புள்ளி. அது மறைய நான் 14 படம் எடுத்துக்கொண்டேன். மண்ணை ஊசிமுனையால் ஒரு துகள் ஒரு துகளாகத் தள்ளினேன். அந்த இரவில் மற்ற இரவுகளை விட மெதுவாக வேலை செய்தேன். அவசரப்பட மனம் வரவில்லை.

மூன்றாம் முறை மெட்டு தொடங்கும் அந்த வீச்சில்தான் தண்ணீர் லாரி உள்ளே நுழைகிறது. லாரியின் தொட்டி அதே சுங்குடித் துணியின் ஒரு துண்டு. முன்னால் தீவட்டி. வீடுகளிலிருந்து வண்ண வண்ணக் குடங்கள் இறங்கி வந்து இரு பக்கமும் வரிசை கட்டும். கடைசிச் சமத்தில் லாரிக்கு மேலே திருக்குடை விரிகிறது. மாடித் தொட்டியின் மூடிமேல் நிற்கும் கொக்கு காலை மாற்றுகிறது. படம் முடிகிறது. மல்லாரி ஓரிடத்திலும் தன் கம்பீரத்தை விடவில்லை.

இந்தக் குடைக் காட்சிதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. கோயில் மரியாதையை லாரிக்குச் செய்வதைப் பார்த்து வாசித்தவர்களின் மனம் புண்படுமோ என்ற பயம். அதனால் வேறு யாருக்கும் காட்டும் முன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு திருப்புவனத்துக்கே போனேன். நாதசுரக் கலைஞர், தவில் கலைஞர், அவருடைய பேரன், நான். திண்ணையில் வைத்து ஓட்டினேன். மூன்று நிமிடமும் நான் திரையைப் பார்க்கவில்லை; பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடை விரிந்தது. முடிந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை.

"எங்கள் கோயிலில் தீர்த்தக்குடம் எடுக்கிற கிணறு ஒரு வருஷம் வறண்டுபோனது, தம்பி. லாரியை வரவழைத்துக் குடத்தில் பிடித்தோம். அன்றைக்கும் நான் இதே மல்லாரியைத்தான் வாசித்தேன்" என்றார்.

நான் மிகைப்படுத்தி வரைந்ததாக நினைத்த காட்சி அவர் நின்று வாசித்த காட்சியாக இருந்தது. குடையை வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி அதோடு போனது.

தவில் கலைஞர் தொடையில் தாளம் போட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னொரு தடவை முதலிலிருந்து போடுங்கள்" என்றார். போட்டேன். ஓரிடத்தில் கையை நிறுத்தினார். "நான்காவது ஆவர்த்தனம். கொக்கு முந்துகிறது." அவருடைய பேரனுக்கும் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே அலைவடிவத்தைத் திறந்து எண்ணினேன். 4 பிரேம். ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. வித்தியாசம் சிறியது என்று நான் தொடாமல் விட்ட ஆறு ஆவர்த்தனத்தில் ஒன்று அது. காலைத் தூக்குவதற்கு முந்தைய படத்தை இன்னும் 2 பிரேம் நிறுத்தினேன். மறுபடி ஓட்டியபோது அவர் கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. லாரித் தொட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீர் என் கண்ணுக்கு இன்னும் காகிதமாகவே தெரிகிறது. சேலையின் மிச்சத்தில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அதை வைத்து அந்த 12 படங்களை இன்றிரவு திரும்ப எடுக்க வேண்டும்.